ஆராய்ச்சிப் பல்கலைக் கழகமும் இளங்கலை மாணவரும்

ஆறாம் படிவத்தையோ தொடக்கக் கல்லூரியையோ முடித்த மாணவன் ஒருவன் கடல் கடந்து கற்க விரும்பினால், முதலில் அவன் தேடுவது பெயர்பெற்ற பல்கலைக் கழகங்களின் பட்டியலையே. எது முதலாவது, எது பத்தாவது என்று பார்க்கிறான்; கட்டணம் எவ்வளவு, தங்குமிடம் உண்டா என்று கேட்கிறான். அப்பல்கலைக் கழகம் எதற்காகத் தோன்றியது, யாருடைய பொருளால் வளர்ந்தது, அங்கே இளங்கலை மாணவனுக்கு உரிய இடம் யாது என்று கேட்போர் மிகச் சிலரே. உண்மையில் முதற்கண் கேட்கத்தக்க கேள்விகள் இவைதாம். ஒரு நிறுவனம் பிறந்த வகையை அறிந்தவன் அதன் இன்றைய போக்கையும் எளிதில் உணர்ந்துகொள்வான்.

இவ்வகை ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற எடுத்துக்காட்டு அமெரிக்க நாட்டில் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகமாகும். 1876ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இதுவே ஆராய்ச்சியை முதல் நோக்கமாகக் கொண்டு அந்நாட்டில் நிலைபெற்ற முதற் பல்கலைக் கழகம் என்பது கல்வி வரலாற்றறிஞர்களின் பொதுவான கருத்து. பின்னர்த் தோன்றிய பல பல்கலைக் கழகங்கள் இதன் வழியைப் பின்பற்றின. முன்னரே இருந்தவையும் இதனைக் கண்டு தம்மைத் திருத்திக்கொண்டன. ஆகவே, இதன் வரலாறு ஒரு பல்கலைக் கழகத்தின் வரலாறு மட்டுமன்று. ஓர் இனத்தின் வரலாறு எனலாம்.

‘தனியார்’ என்னும் சொல்

வரலாற்றுக்குள் புகுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். மலேசியாவில் 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டத்திற்குப் பின்னர்ப் பல தனியார் பல்கலைக் கழகங்கள் தோன்றின. அவற்றுட் பல மாணவர் செலுத்தும் கட்டணத்தையே பெரிதும் நம்பி நடப்பவை. ஆதலின், ‘தனியார்’ என்றதும் நம்மவர் உள்ளத்தில் எழுவது கட்டணக் கல்லூரியின் உருவமே.

அமெரிக்காவின் பழம்பெரும் தனியார் பல்கலைக் கழகங்கள் வேறு வகையின. அவை அரசுக்கு உரியனவுமல்ல. ஆதாயம் கருதும் முதலாளிக்கு உரியனவுமல்ல. அறங்காவலர் குழு ஒன்று அவற்றை ஆளும். கொடையாளர் அளித்த பொருள் மூலநிதியாக வைக்கப்பட்டு, அதன் வருவாய் ஆண்டுதோறும் செலவிடப்படும். மாணவர் கட்டணமும், ஆராய்ச்சிக்காக அரசும் பிறரும் தரும் பொருளும் அதனுடன் சேரும். ஆசிரியரைத் தேர்வதும், மாணவரைச் சேர்ப்பதும், பாடம் வகுப்பதும் பெரும்பாலும் அவற்றின் உரிமை. இவ்வுரிமை எவ்வளவு நன்மை பயந்தது, எவ்வளவு தீமை பயந்தது என்பதைப் பின்வரும் செய்திகள் காட்டும்.

வணிகர் ஒருவரின் கொடை

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1795ஆம் ஆண்டில் மேரிலாந்தில் புகையிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். ‘ஜான்ஸ்’ என்பது அவருடைய கொள்ளுப்பாட்டியின் குடும்பப் பெயர். அதுவே பேரனாருக்கு முதற் பெயராயிற்று. இதனை அறியாதார் இன்றும் ‘ஜான் ஹாப்கின்ஸ்’ என்று தவறாக எழுதுவதுண்டு. குவேக்கர் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த அக்குடும்பத்தில் அவர் நெடுங்காலம் பள்ளியில் பயிலவில்லை. பதினேழாம் வயதில் பால்டிமோருக்கு வந்து, சிற்றப்பாவின் மொத்த மளிகைக் கடையில் தொழில் பழகினார். பின்னர்த் தாமே வணிகராகி, வங்கித் தொழிலிலும் ஈடுபட்டு, பால்டிமோர்–ஒகையோ இருப்புப்பாதை நிறுவனத்தில் பெரும் பங்குகளை வாங்கினார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

1873ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் அவர் மறைந்தபோது, ஏறத்தாழ 70 இலட்சம் அமெரிக்க வெள்ளியைப் பல்கலைக் கழகத்திற்கும் மருத்துவமனைக்கும் செம்பாதியாக விட்டுச் சென்றார். அந்நாள்வரை அமெரிக்காவில் ஒரு தனிமனிதர் இத்துணைப் பெரிய அறக்கொடை அளித்ததில்லை. மருத்துவமனையில் ஏழை நோயாளர் நிறமும் பாலும் வயதும் பாராது ஏற்கப்பட வேண்டும் என்று அவர் அறங்காவலர்க்கு எழுதிய மடலில் குறித்திருந்தார்.

அவர் அடிமை முறையை வெறுத்தவர் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. ஆயினும், 1840, 1850ஆம் ஆண்டுகளின் குடிக்கணக்கில் அவர் இல்லத்தில் அடிமைகள் இருந்ததாகப் பதிவு உள்ளதென்று 2020இல் அப்பல்கலைக் கழகமே வெளியிட்டது. அப்பதிவை எவ்வாறு பொருள்கொள்வது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும், தன்னை நிறுவியவரைப் பற்றிய வழக்குரையைத் தானே மறுஆய்வு செய்ய முன்வந்தமை, ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்திற்குப் பொருத்தமான செயலே.

கில்மன் வகுத்த வழி

பணம் இருந்தது, எத்தகைய பல்கலைக் கழகம் அமைப்பது என்பது முடிவாகவில்லை. அறங்காவலர்கள் ஹார்வர்ட், கார்னெல், மிச்சிகன் ஆகிய மூன்று பல்கலைக் கழகங்களின் தலைவர்களிடமும் அறிவுரை கேட்டனர். மூவரும் ஒருவரையே சுட்டினர். அவர்தாம் அக்காலத்தில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் தலைவராயிருந்த டேனியல் காய்ட் கில்மன்.

அந்நாளைய அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் இலத்தீனும் கிரேக்கமும் கணக்கும் ஒப்புவிக்கும் இடங்களாகவே இருந்தன. ஆசிரியர் பாடப் பகுதியைக் குறிப்பார். மாணவர் மனப்பாடம் செய்து வந்து சொல்வர். புதிய உண்மையைக் கண்டுபிடிப்பது ஆசிரியரின் கடமை என்று யாரும் கருதவில்லை. ஆராய்ச்சியில் நாட்டமுடையோர் ஜெர்மனிக்குச் சென்றனர். அங்கே 1810இல் தோன்றிய பெர்லின் பல்கலைக் கழகத்திலும் கோட்டிங்கன் போன்ற இடங்களிலும், ஆசிரியரும் மாணவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து மூல ஏடுகளை ஆராயும் ‘செமினார்’ முறையும், ஆய்வுக்கூடப் பயிற்சியும் வளர்ந்திருந்தன. அம்முறையை அமெரிக்க மண்ணில் நடுவதே கில்மனின் நோக்கம்.

அவர் கட்டடங்களில் பணத்தைச் செலவிடவில்லை. நகரின் நடுவே தங்கும் விடுதிகளாயிருந்த பழைய வீடுகளைத் திருத்தி வகுப்புகளை நடத்தினார். மூலநிதியின் வருவாயைப் பேராசிரியர்களுக்கும், ஆய்வுக்கூடங்களுக்கும், ஆய்வு மாணவரின் உபகாரச் சம்பளத்திற்கும் செலவிட்டார். ஆண்டுக்கு 500 வெள்ளி பெற்ற ஏறத்தாழ இருபது இளைஞர்கள் முதலாண்டிலேயே ஆய்வில் இறங்கினர்.

முதற் பேராசிரியர்களுள் கணித மேதை சில்வெஸ்டரின் கதை குறிப்பிடத்தக்கது. அவர் இங்கிலாந்து நாட்டு யூதர். கேம்பிரிட்ஜில் 1837ஆம் ஆண்டுத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றும், ஆங்கிலத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்று ஒப்பமிட மறுத்ததால் அவருக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. சட்டம் மாறிய பின்னர் 1872இல்தான் அது கிடைத்தது. அறுபது வயதைக் கடந்த அப்பேரறிஞரைக் கில்மன் பால்டிமோருக்கு அழைத்தார். ஊதியத்தைத் தங்கமாகத் தரவேண்டும் என்று அவர் கேட்டபோது அதற்கும் இணங்கினார். சில்வெஸ்டர் 1878இல் தொடங்கிய கணித ஆய்விதழ் இன்றும் வெளிவருகிறது. வேதியியலுக்கு ரெம்சன், இயற்பியலுக்கு ரோலண்டு, கிரேக்கத்திற்கு கில்டர்ஸ்லீவ், உயிரியலுக்கு மார்ட்டின் என்று ஒவ்வொரு துறைக்கும் தேர்ந்த அறிஞர் வந்தனர். 1878இல் தொடங்கிய பல்கலைக் கழகப் பதிப்பகம், அமெரிக்காவில் இடையறாது நடந்துவரும் பல்கலைக் கழகப் பதிப்பகங்களுள் மிகப் பழமையானது. கண்டதை எழுதி வெளியிடுவதும் ஆசிரியர் கடமை என்னும் மரபு இவ்வாறு வேரூன்றியது. தத்துவ அறிஞர் ஜான் டூயி 1884இலும், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சன் 1886இலும் இங்கு முனைவர் பட்டம் பெற்றனர்.

இளங்கலைக்குக் கிடைத்த இடம்

இத்தகைய இல்லத்தில் இளங்கலை மாணவர் நிலை என்ன? முதலாண்டில் சேர்ந்தோர் நூற்றுக்கும் குறைவு. அவருள் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். இளங்கலை வகுப்பு மேல்வகுப்புக்குப் படிக்கட்டாக, சிறிய அளவிலேயே நடந்தது. கட்டடம் எழுப்பும்போது பெருங்கூடத்தை அமைத்துவிட்டு, அதன் ஓரத்தில் திண்ணை கட்டுவது போன்றது அது.

ஆயினும், அத்திண்ணையில் பிறந்த இரண்டு வழக்கங்கள் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. ஒன்று, மாணவன் ஒரு துறையை ஆழமாகவும் பிறிதொன்றைத் துணையாகவும் பயிலும் முறை. முதன்மைப் பாடம், துணைப் பாடம் என்று இன்று மாணவர் பேசும் சொற்கள் 1870களின் இறுதியில் இப்பல்கலைக் கழகத்தின் பாட விவர ஏட்டில் தோன்றியவை. மற்றொன்று, ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் ஆசிரியரை அறிவுரையாளராக அமர்த்தும் முறை. எதை வேண்டுமானாலும் படி என்று விட்டுவிட்டால் மாணவன் வழி தடுமாறுவான். இதைத்தான் படி என்று கட்டிவைத்தால் அவன் அறிவு வளராது. இவ்விரண்டுக்கும் நடுவழி கண்டவர் கில்மன்.

அந்த இளங்கலை வகுப்பே வேண்டுவதில்லை என்ற எண்ணமும் ஒருமுறை எழுந்தது. 1925இல் தலைவர் குட்நவ் ஒரு திட்டத்தை முன்வைத்தார். இளங்கலையின் முதலிரண்டு ஆண்டுகளை நீக்கிவிடுவது. இளங்கலைப் பட்டத்தையும் ஒழித்துவிடுவது. வேறு கல்லூரிகளில் ஈராண்டு பயின்று வருவோரை நேரே ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ப்பது. பல்கலைக் கழகம் அதன் பிறவி நோக்கத்திற்கு மீள வேண்டும் என்பது அவர் வாதம். அத்திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. தகுதியுடைய சிலர் இளங்கலைப் பட்டம் பெறாமலே மேல்வகுப்புக்குச் செல்லலாம் என்ற அளவில் அது நின்றது. இளங்கலை மாணவர் தங்கினர். எனினும், தலைவர் ஒருவரே அவர்களை மிகையெனக் கருதிய ஒரு காலம் இருந்தது என்பதை இன்றைய மாணவர் மறத்தலாகாது.

இருப்புப்பாதைப் பங்குகளும் மருத்துவக் கல்லூரியும்

பல்கலைக் கழகத்திற்கு ஹாப்கின்ஸ் விட்டுச்சென்ற செல்வத்தின் பெரும்பகுதி பால்டிமோர்–ஒகையோ நிறுவனத்தின் பங்குகளாக இருந்தது. 1880களின் பிற்பகுதியில் அந்நிறுவனம் நலிவுற்றுப் பங்காதாயம் தருவதை நிறுத்தியது. ஒரே தூணின்மேல் நின்ற வீடு ஆட்டங்கண்டது. மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்டது. ஆனால், அதனுடன் தொடங்கியிருக்க வேண்டிய மருத்துவக் கல்லூரிக்குப் பணமில்லை.

இக்கட்டத்தில் கை கொடுத்தவர்கள் பெண்கள். அவருள் முன்னின்றவர் மேரி கேரட். அவர் தந்தையார் அதே இருப்புப்பாதை நிறுவனத்தின் தலைவராயிருந்தவர். அவருடன் நின்ற தோழியருள் ஒருவர் கேரி தாமஸ். இவர் பல்கலைக் கழக அறங்காவலர் ஒருவரின் மகள். 1877இல் இங்கே மேற்படிப்பில் சேர்ந்தும், ஆண்களுடன் செமினார் வகுப்பில் அமர இசைவு கிடைக்காமையால் வெளியேறி, சூரிக் பல்கலைக் கழகத்தில் 1882இல் முனைவர் பட்டம் பெற்றவர்.

இப்பெண்கள் நாடெங்கும் குழுக்கள் அமைத்துப் பொருள் திரட்டினர். தேவைப்பட்ட 5 இலட்சம் வெள்ளியில் 3 இலட்சத்திற்கு மேல் மேரி கேரட் தாமே தந்தார். ஆனால், நிபந்தனைகளுடன் தந்தார். ஆண்களுக்குரிய அதே தகுதியில் பெண்களும் சேர்க்கப்பட வேண்டும். இளங்கலைப் பட்டமும் அறிவியற் பயிற்சியும் பிரெஞ்சு, ஜெர்மன் மொழியறிவும் உடையோரே மருத்துவம் பயில வேண்டும் என்பன அவற்றுள் தலையாயவை. பள்ளிக் கல்வியை முடித்தவுடன் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிடக்கூடிய அந்நாளில் இது மிகக் கடுமையான விதி. வேறு வழியின்றி அறங்காவலர் இசைந்தனர். 1893இல் தொடங்கிய முதல் வகுப்பில் பயின்ற 18 பேருள் மூவர் பெண்கள். மாணவரை நோயாளியின் கட்டிலருகே அழைத்துச் சென்று கற்பித்த ஆஸ்லர் முதலியோரின் தொண்டால் அக்கல்லூரி சில ஆண்டுகளிலேயே அமெரிக்க மருத்துவக் கல்விக்கு அளவுகோலாயிற்று.

கொடுத்தவர் கேட்டதனால் கதவு திறந்தது. தனியார் நிறுவனத்தின் இயல்பு இதில் நன்கு விளங்கும்.

மூடியிருந்த கதவுகள்

மற்றக் கதவுகள் அவ்வளவு விரைவில் திறக்கவில்லை. கிறிஸ்டின் லேட் என்னும் பெண்மணி 1878இல் கணிதம் பயில விண்ணப்பித்தார். அவருடைய கட்டுரைகளை முன்னரே படித்திருந்த சில்வெஸ்டர் அவருக்காகப் பரிந்துரைத்தார். சமயத்தின் பேரால் தாம் பட்ட துன்பத்தை அம்முதியவர் மறந்திலர் போலும். முதலில் சில்வெஸ்டரின் விரிவுரைகளை மட்டும் கேட்கலாம் என்று இசைவு கிடைத்தது. பிறகு மற்ற வகுப்புகளும் திறந்தன. ஆய்வு மாணவருக்குரிய தொகை தரப்பட்டது, அப்பெயர் தரப்படவில்லை. 1882இல் தருக்கவியல் பற்றிய ஆய்வை முடித்தார். பெண் என்பதனால் பட்டம் மறுக்கப்பட்டது. 1926இல், பல்கலைக் கழகத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவில், நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து அப்பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 78.

கறுப்பினத்தவரான கெல்லி மில்லர் 1887இல் கணிதமும் இயற்பியலும் வானியலும் பயிலச் சேர்க்கப்பட்டார். ஈராண்டுகளில் கட்டணம் உயர்த்தப்படவே, செலுத்த இயலாது பட்டமின்றிச் சென்றார். பின்னர் ஹோவர்டு பல்கலைக் கழகத்தில் பேராசிரியராகவும் கல்லூரித் தலைவராகவும் விளங்கினார். நிறத்தால் அடைபடாத கதவு கட்டணத்தால் அடைபட்டது. அவருக்குப்பின் இளங்கலையில் ஒரு கறுப்பின மாணவர் சேர 1945 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிரடெரிக் ஸ்காட் என்னும் அம்மாணவர் 1950இல் பொறியியற் பட்டம் பெற்றார். யூதரான சில்வெஸ்டரை வரவேற்ற அதே பல்கலைக் கழகம், 1940களில் ஐசையா போமன் தலைவராயிருந்தபோது யூத மாணவர் தொகைக்கு வரம்பு கட்டியதும் வரலாறே.

பெண்களுக்குக் கதவு திறந்த வரிசையையும் நோக்குக. மருத்துவக் கல்லூரியில் 1893, மேற்படிப்பில் 1907, இளங்கலையில் 1970. மேலிருந்து கீழாக வந்த மாற்றம் அது. சாதாரணக் கல்லூரிகளில் கீழ்வகுப்பே முதலில் மாற, ஆராய்ச்சிப் பல்கலைக் கழகத்தில் இளங்கலை கடைசியில் மாறியது. கருத்து முழுவதும் மேல்வகுப்பில் இருந்தமைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அரசுப் பணம் வந்த கதை

இரண்டாம் உலகப் போர் இப்பல்கலைக் கழகத்தின் பொருள்நிலையை அடியோடு மாற்றியது. 1942இல் அரசின் போர்த் தேவைக்காகப் பயன்முறை இயற்பியல் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் குண்டுப்பொறி அங்கே உருவாயிற்று. போர் முடிந்த பின்னும் அக்கூடம் நிலைத்தது. விண்வெளி ஆராய்ச்சியிலும் ஈடுபட்டது. மருத்துவ ஆராய்ச்சிக்கும் நடுவண் அரசு பெருந்தொகை தந்தது. 1979 முதல் ஆராய்ச்சிச் செலவில் அமெரிக்கப் பல்கலைக் கழகங்களுள் ஜான்ஸ் ஹாப்கின்ஸே முதலிடம் வகித்து வருகிறது. அச்செலவு அண்மை ஆண்டுகளில் 300 கோடி வெள்ளியைத் தாண்டியுள்ளது. அதில் பாதிக்கும் மேற்பட்டது அந்த ஒரு கூடத்தின் பங்கு.

எனவே, ‘தனியார்’ என்ற பெயர் இருந்தாலும் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சி பெரிதும் அரசுப் பணத்தால் நடப்பது. 2025ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவித் திட்டங்களை வெட்டியபோது 80 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட நிதி நின்றுபோய், பல்கலைக் கழகம் 2,000க்கும் மேற்பட்ட பணியிடங்களை நீக்க நேர்ந்தது. அவற்றுட் பெரும்பாலானவை பிற நாடுகளில் நடந்த நலவாழ்வுத் திட்டங்களைச் சேர்ந்தவை. 1880களில் இருப்புப்பாதைப் பங்குகள் கற்பித்த பாடத்தை இவ்வாண்டு மீண்டும் நினைவூட்டியது.

மாணவர் அறிந்திருக்க வேண்டியவை

இவ்வரலாற்றை அறிந்த ஆசிரியர் தம் மாணவர்க்குச் சொல்லத்தக்கவை சில உள.

முதலாவது, மருத்துவம் பற்றியது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிப் படிப்பை முடித்தவர் நேரே மருத்துவக் கல்லூரியில் சேரலாம். அமெரிக்காவில் பொதுவாக அவ்வாறன்று. 1893இல் மேரி கேரட் வற்புறுத்திய விதியே பிறகு நாட்டின் பொதுவிதியாயிற்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் மருத்துவப் புகழை நம்பி இளங்கலையில் சேர்வோர், நான்காண்டு முடிந்தபின் மருத்துவக் கல்லூரிக்குத் தனியே விண்ணப்பித்துப் போட்டியிட வேண்டும். அங்கேயே இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. மருத்துவமனை நகரின் கிழக்கே உள்ளது. கலை, அறிவியல், பொறியியல் மாணவர் பயிலும் ஹோம்வுட் வளாகம் வடக்கே உள்ளது.

இரண்டாவது, ஆசிரியரை அணுகும் முறை. ஆராய்ச்சிப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியரின் உயர்வு பெரிதும் அவருடைய ஆராய்ச்சியைப் பொறுத்தது. பெரிய வகுப்புகளில் செய்முறைப் பயிற்சியையும் கலந்துரையாடலையும் ஆய்வு மாணவரே நடத்துவதுண்டு. நல்லாசிரியர் தம்மைத் தேடி வருவார் என்று காத்திருப்பவன் ஏமாறுவான். பேராசிரியர் எழுதிய கட்டுரையைப் படித்து, அதிற் கேள்வி எழுப்பி, அவர் அறைக்கதவைத் தட்டுபவனுக்குத்தான் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைக்கும். உலகின் வேறெந்த வகைக் கல்லூரியிலும் பதினெட்டு வயதினனுக்கு எளிதில் கிட்டாத பேறு அது. பெருங்கூடத்திற்குள் செல்ல அவனுக்குத் தடையில்லை. ஆனால், திண்ணையிலேயே இருந்து படித்து முடித்துவிட்டுப் போவதற்கும் தடையில்லை. தேர்வுக்கு மனப்பாடம் செய்து வெற்றி கண்ட மாணவருக்கு இவ்வெச்சரிக்கை மிகவும் வேண்டும்.

மூன்றாவது, பணம். முன்னாள் மாணவர் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் சலுகை காட்டும் வழக்கம் அமெரிக்கத் தனியார் பல்கலைக் கழகங்களில் நெடுங்காலமாக உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அதனைக் கைவிட்டதாக 2020இல் அறிவித்தது. 2009இல் புதிய மாணவருள் நூற்றுக்கு 12.5 பேர் அத்தகைய உறவுடையோர். 2019இல் அது 3.5 ஆகக் குறைந்தது. 1964இல் இங்குப் பட்டம் பெற்ற மைக்கேல் புளூம்பர்க், இளங்கலை மாணவரின் கட்டண உதவிக்கென 2018இல் 180 கோடி வெள்ளி வழங்கினார். அதன் பயனாகச் சேர்க்கையின்போது மாணவரின் பணவசதியைப் பாராத முறை நிலைபெற்றது. கட்டணத்தால் கெல்லி மில்லர் வெளியேறி 130 ஆண்டுகளுக்குப் பின்னர் அக்கதவு இளங்கலைக்குத் திறந்தது எனலாம். ஆயினும், பணவசதியைப் பாராத அம்முறை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வெளிநாட்டு மாணவர் பொருள் உதவி கேட்டால், அதுவும் சேர்க்கையில் கருதப்படும். நம் மாணவரும் பெற்றோரும் இவ்வேறுபாட்டை அறிந்தே விண்ணப்பிக்க வேண்டும்.

நான்காவது, பெயர்ப்பலகை. உலகப் பெயர்பெற்ற நிறுவனம் பிற நாடுகளில் கூட்டுறவாகக் கல்லூரி நடத்துவதுண்டு. மலேசியாவில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியுடன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கொண்டிருந்த கூட்டுறவில் 2011இல் வகுப்புகள் தொடங்கின. 2014இல் அக்கூட்டுறவு முடிவுற்றது. சிங்கப்பூரில் 1998இல் அமைந்த அதன் உயிர்மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவும் பத்தாண்டு நிலைக்கவில்லை. மாறாக, ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த பீபடி இசைக் கழகத்தின் துணையுடன் தோன்றி, 2003இல் மாணவரைச் சேர்த்துக்கொண்ட யோங் சியூ தோ இசைக் கல்லூரி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகத்தின் உறுப்பாக வேரூன்றி வளர்ந்துள்ளது. கூட்டுறவுக் கல்லூரியில் சேர்பவர், பட்டம் வழங்குவோர் யார், ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு உரியது என்னும் இரண்டையும் எழுத்தில் கேட்டு அறிதல் வேண்டும்.

கில்மன் பழைய விடுதி வீடுகளில் வகுப்புகளைத் தொடங்கியபோது, பார்க்க வந்தவர்கள் அழகிய கட்டடம் எங்கே என்று தேடியிருப்பர். அவர் பணத்தை ஆசிரியரிடத்தும் ஆய்வுக்கூடத்திலும் வைத்திருந்தார். இன்று பல்கலைக் கழகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மாணவனும் அவ்வாறே நோக்க வேண்டும். அவன் பயில விரும்பும் துறையில் யார் கற்பிக்கிறார், அவர் எதை ஆராய்கிறார், இளங்கலை மாணவரை அவர் ஆய்வில் சேர்த்துக்கொள்கிறாரா, அதற்கான பொருள் எங்கிருந்து வருகிறது என்ற நான்கையும் அவன் கேட்டு விடை பெறட்டும். விண்ணப்பத் தாளை நிரப்புமுன் இக்கேள்விகளை எழுதிப் பழக்குவது, உயர்நிலை வகுப்பின் ஆசிரியர் தம் மாணவருக்குச் செய்யத்தக்க உதவியாகும்.